கூலி வேலைக்குப் போன மாட் பையன்கள் ஏன் கோட்டு சூட்டில் திரிந்தார்கள்?

வேலைக்குச் சூட் தேவைப்படாத 'மாட்' (Mod) பையன்கள், அதாவது உடையிலும் இசையிலும் புதுமை தேடிய இளைஞர் கூட்டம், 1960களில் லண்டனில் ஏன் சூட்டுக்காகச் சம்பளத்தைச் செலவழித்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பிடித்த விஷயமே அதுதான்.

'நீ இவ்வளவுதான்' என்று சொன்ன ஊரில், முதலாளியைவிட நேர்த்தியாக உடுத்திக் காட்டுவதுதான் அவர்களுடைய பதில். தையல்காரரிடம் போய் இத்தாலிய பாணியில் குறுகிய லேப்பல் (கோட்டின் மார்பு மடிப்பு), மூன்று பொத்தான், பின்பக்க வெட்டு இத்தனை அங்குலம் என்று அளவு சொல்லித் தைப்பார்கள். டானிக் என்றொரு மோஹேர் (அங்கோரா ஆட்டு உரோமம்) துணி உண்டு, ஊடும் பாவும் வேறு வேறு நிறம், நம்ம மயில்கழுத்துப் பட்டு மாதிரி நடக்க நடக்க நிறம் மாறும். ஸ்கூட்டரில் போகும்போது அதில் அழுக்குப் படக்கூடாதென்றுதான் மேலே ராணுவ பார்கா கோட்டு.

காலில் கிளார்க்ஸ் கம்பெனியின் டெசர்ட் பூட் (கணுக்கால் வரை வரும் மெல்லிய தோல் பூட்), இல்லையென்றால் லோஃபர் (கயிறில்லாத ஷூ).

அப்புறம் 1969 வாக்கில் ஸ்கின்ஹெட்கள், அதாவது தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்ட தொழிலாளர் வீட்டுப் பையன்கள், வந்தபோது எல்லாம் தலைகீழ். 1960 ஏப்ரல் 1 அன்று வெளிவந்த டாக்டர் மார்ட்டென்ஸ் 1460, தபால்காரரும் ஆலைத் தொழிலாளியும் போட்ட கயிறு கோக்க எட்டு ஜோடி ஓட்டை உள்ள பூட்ஸ், அதையே பெருமையாக மாட்டிக்கொண்டார்கள். ஆனால் மாலையில் நடனத்துக்குப் போக அவர்களும் டானிக் சூட்டும் புரோக் ஷூவும் (துளை வேலைப்பாடு செய்த தோல் ஷூ)தான் போட்டார்கள், பளபளவென்று பாலிஷ் போட்டு.