கழுத்து டியூபை எடுத்துவிடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. தைராய்டை முழுவதும் அகற்றிய பிறகு இரண்டு குரல் நாண்களும் செயலிழந்துவிட்டன. 10 மாதமாகக் கழுத்து டியூப் வழியாகத்தான் மூச்சு. வாய் வழியாக லேசர் செய்து டியூபை எடுக்கலாம் என்கிறார் டாக்டர். குரல் போய்விடுமா?

பதில்: அடியோடு போகாது; ஆனால் குறையும். காற்று கலந்த, சன்னமான குரலாகலாம்.

தைராய்டை ஒட்டி ஓடும் நரம்பு இருபுறமும் பாதிக்கப்பட்டால், நாண்கள் நடுவிலேயே நெருங்கி நின்றுவிடும். அதனால் பேச்சு ஓரளவு நன்றாகவே இருக்கும்; மூச்சை இழுக்கும்போதுதான் கீச்சொலி வரும். (இதை ஆஸ்துமா என்று நினைத்து இன்ஹேலர் அடிப்பவர்கள் உண்டு. ஆஸ்துமாவின் விசில் சத்தம் பெரும்பாலும் மூச்சை விடும்போது வரும்.)

நசுங்கிய நரம்பு தானாகத் தேறக்கூடும் என்பதால் 6 முதல் 12 மாதம் பொறுப்பது வழக்கம். வெட்டிய நாணைப் பழையபடி ஆக்க முடியாது. எனவே தேதி குறிக்கும் முன் எண்டோஸ்கோப்பில் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

முழு மயக்கத்தில், வாய் வழியாக உலோகக் குழாயைச் செலுத்தி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி செய்வார்கள். ஒரு பக்க நாணை மட்டும், அது பின்னால் குருத்தெலும்போடு சேரும் இடத்தில், கார்பன் டை ஆக்சைடு லேசரால் குறுக்கே வெட்டுவார்கள். நாண் முன்பக்கம் சுருங்க, பின்னால் முக்கோண வழி கிடைக்கும். டென்னிஸ், கஷிமா என்ற டாக்டர்கள் 1989-ல் வெளியிட்ட முறை இது. குரலுக்கு முக்கியமாக அதிர்வது நாண்களின் முன்பகுதி என்பதால்தான் பேச்சு மிஞ்சுகிறது. இரண்டு பக்கமும் ஒரேயடியாக வெட்டினால் மூச்சு தாராளமாகும். குரல் மிகவும் தேயும், புரையேறும். முதலில் ஒரு பக்கம், அதுவும் கொஞ்சமாக என்பதே நல்லது. போதவில்லை என்றால் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

லேசர் பட்டால் மயக்க டியூப் தீப்பிடிக்கக்கூடும். அதனால் ஆக்சிஜனை 30 சதவீதத்துக்குள் வைத்து, டியூபின் பலூனில் சலைன் நிரப்பி, சுற்றிலும் ஈரப்பஞ்சு வைப்பார்கள்.

பிறகு வரும் முக்கியத் தொல்லை, வெட்டிய இடத்தில் சதை வளர்ந்து வழி மீண்டும் குறுகுவது. வயிற்று அமிலம் மேலேறினால் இது மோசமாகும். அமிலம் குறைக்கும் மாத்திரையை இடையில் நிறுத்த வேண்டாம். புரையேறாமலிருக்க, தண்ணீரை அண்ணாந்து குடிக்காமல், தாடையைத் தாழ்த்தி வாய் வாயாகக் குடிக்கட்டும்.

டியூபை அன்றே எடுக்க மாட்டார்கள். புண் ஆறியதும் சிறிய டியூபுக்கு மாற்றி, அந்த டியூபின் வாயை மூடிவைத்து, தூக்கத்திலும் மூச்சு திணறவில்லை என்று பார்த்த பிறகே எடுப்பார்கள். டியூபை வீட்டில் நீங்களாக மூடிப் பார்க்காதீர்கள். பலூன் உள்ள டியூபைக் காற்றிறக்காமல் மூடினால் மூச்சுக்கு வேறு வழியே இருக்காது.