அடைக்கு உட்கார்ந்த பெட்டை

அன்புள்ள அம்மா,

மடிப்பாக்கத்தில் தனி வீடு, பின்னால் அரை கிரவுண்டு காலி இடம். நாட்டுக்கோழிகளில் ஒரு பெருவிடைப் பெட்டையும் ஒரு சிறுவிடைப் பெட்டையும் வளர்க்கிறேன். நீல முட்டையிடும் கோழிகளைப் பெருக்க ஆசை. இணையத்தில் பார்த்து, அரௌகானா இனம் என்று சொல்லி விற்ற ஒரு சேவலை வாங்கினேன். அதற்குப் பட்டாணிக் கொண்டை, மூன்று வரிசைச் சிறு முகடுகளோடு குட்டையாக இருக்கும். பிறக்கும் குஞ்சுகளில் பட்டாணிக் கொண்டை உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டால் போதும், அவை நீல முட்டைதான் இடும் என்றார் விற்றவர். தேறாத குஞ்சுகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். வேறு எந்த இனப் பெட்டையைச் சேர்க்கலாம்? நீல முட்டையில் கொழுப்பு குறைவு என்பது உண்மையா?

பி.கு.: சிறுவிடை நான்கு நாட்களாக வெறுங்கூட்டில் உட்கார்ந்துகொண்டு எழ மறுக்கிறது. தண்ணீரில் முக்கினால் அடை தெளியும் என்கிறார்கள். செய்யலாமா?

கார்த்திகா

அன்புள்ள கார்த்திகா,

கொழுப்புக் கதையை விட்டுவிடுங்கள். ஓட்டின் நிறத்துக்கும் உள்ளே இருப்பதற்கும் தொடர்பே இல்லை.

கொண்டை விஷயத்தை அப்படி விட முடியாது. சேவலை விற்றவர் உங்களிடம் அரை உண்மையைச் சொல்லியிருக்கிறார். சிலி நாட்டிலிருந்து வந்த அரௌகானா வழிக் கோழிகளில் பட்டாணிக் கொண்டைக்கான மரபணுவும் நீல ஓட்டுக்கான மரபணுவும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருக்கின்றன. அதனால் பெரும்பாலும் சேர்ந்தே குஞ்சுக்குப் போகும். ஒற்றைக் கொண்டைப் பெட்டைகளோடு சேர்க்கிறவர்களுக்கு இது நல்ல அடையாளம். ஆனால் உங்கள் வீட்டில் இருப்பது பெருவிடை. அசில் என்ற சண்டைக்கோழி வழி வந்த நம் கோழிகளுக்குப் பட்டாணிக் கொண்டை பிறவிச் சொத்து. அவை நீல முட்டை இடுவதில்லை, வெளிர்பழுப்பு முட்டைதான். ஆக, நாளை ஒரு குஞ்சு பட்டாணிக் கொண்டையோடு வந்தால் அது அப்பனிடமிருந்து வந்ததா, அம்மாவிடமிருந்து வந்ததா? பார்த்துச் சொல்ல வழியில்லை. இதை நம்பிக் குஞ்சுகளைப் பிரித்தால், நீலத்தைச் சுமக்கும் குஞ்சைக் கொடுத்துவிட்டு, சுமக்காததை ஆறு மாதம் தீனி போட்டு வளர்ப்பீர்கள்.

அந்தச் சேவலே நீலத்தைச் சுமக்கிறதா? சேவல் முட்டையிடாது, அதனால் அதன் மகள்களைத்தான் கேட்க வேண்டும். நீல ஓடு ஓங்கு பண்பு என்று கேம்பிரிட்ஜில் மரபியலாளர் புன்னெட் 1933இலேயே எழுதிவிட்டார். அந்த மரபணுவின் இரண்டு பங்குகளில் ஒரே ஒரு பங்கு கிடைத்தாலும் மகள் நீல முட்டையிடுவாள். சேவலிடம் ஒரு பங்கு இருந்தால் மகள்களில் பாதிப் பேர், இரண்டும் இருந்தால் அத்தனை பேரும். ஆறு மகள்கள் முட்டைக்கு வந்து ஒன்றுகூட நீலமில்லை என்றால், அந்தச் சேவலிடம் நீலம் இல்லை என்றே கொள்ளலாம். ஒரு பங்கு இருந்தும் அப்படி நேர 64இல் 1 வாய்ப்புதான். அதுவரை ஒவ்வொரு குஞ்சின் காலிலும் வளையம் மாட்டி நோட்டில் எழுதுங்கள். எழுதாமல் செய்வதற்கு இனப்பெருக்கம் என்று பெயர் இல்லை.

யாராவது நீல முட்டை என்று காட்டினால் உடைத்து, உள்சவ்வை உரித்துப் பாருங்கள். உள்ளேயும் நீலமாக இருந்தால்தான் அசல். பழுப்பு நிறம் ஓட்டின் மேல்பூச்சு. நீலம் ஓடு முழுக்க ஊறியது. பிலிவெர்டின் என்ற பித்த நிறமி அது, அடிபட்ட இடம் கன்றிப் பச்சையாகத் தெரியுமே, அங்கும் அதுதான். எப்போதோ ஒரு வைரஸ் கோழியின் மரபணுத் தொகுதிக்குள் தன்னைச் செருகிக்கொண்டதால் வந்த நிறம் என்று 2013இல் கண்டுபிடித்தார்கள். சிலியிலும் சீனாவிலும் அது தனித்தனியாக நடந்திருக்கிறது.

அந்த நீலத்தின் மேல் எனக்கும் பைத்தியம் இருந்தது. எட்டு வயதில், வில்லிவாக்கம் வீட்டுக் கொல்லையில், மருதாணிப் புதருக்குள் ஒரு தவிட்டுக்குருவிக் கூடு. நான்கு முட்டைகள், மயில்துத்த நிறத்தில். ஒன்றை எடுத்து, பஞ்சாரத்துக்குள் அடைகாத்துக்கொண்டிருந்த ஒற்றைக்கண் பெட்டையின் அடியில் வைத்தேன். நீல முட்டையிடும் கோழி பொரிந்து வரும் என்று நம்பினேன். ஆயா அடைக்கு வைக்கும் ஒவ்வொரு முட்டையிலும் கரிக்கோடு போட்டிருப்பாள். இரவு விளக்கு வெளிச்சத்தில் எண்ணியவள் கோடில்லாத அந்தச் சின்ன முட்டையைக் கண்டுபிடித்துவிட்டாள். அடிக்கவில்லை. விடிந்ததும் கையைப் பிடித்துப் புதருக்கு இழுத்துப் போனாள். குருவிகள் கூட்டை விட்டுப் போயிருந்தன. மீதி மூன்றையும் என் உள்ளங்கையில் வைத்தாள். மூன்றும் சில்லிட்டிருந்தன. “பிடித்துக்கொண்டு நில்” என்று சொல்லிவிட்டுக் கோழிகளைத் திறந்துவிடப் போனாள். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

உங்கள் கடிதத்தில் ‘தேறாத குஞ்சுகள்’ என்று படித்தபோது அந்தச் சில்லிப்பு மறுபடி கைக்கு வந்தது. கோபமும் வந்தது. பன்னிரண்டு குஞ்சு பொரிந்தால் ஏறக்குறைய பாதி சேவல். பெருவிடை ரத்தம், வளர்ந்தால் ஒன்றையொன்று கொத்திக் கிழிக்கும். அவற்றை என்ன செய்யப்போகிறீர்கள்? யாருக்காவது என்றால் யாருக்கு? ஆயா சேவல்களைக் குழம்பு வைத்தாள். எதை, எப்போது என்று தெரிந்து, தன் கையால் செய்தாள். யாரோ ஒருவர் தலையில் கட்டிவிட்டுக் கைகழுவியதில்லை. பதில் இல்லாதவரை ஒரு முட்டைகூட அடைக்கு வைக்காதீர்கள் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

எந்தப் பெட்டை என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெருவிடையோடு சேர்த்தால் நீல ஓட்டின் மேல் பழுப்புப் பூச்சு ஏறிப் பச்சை முட்டைதான் வரும். தெளிந்த நீலம் வேண்டுமென்றால் வெள்ளை முட்டையிடும் லெகார்ன் போன்ற இனம் வேண்டும். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோவதற்குச் சில வருடங்கள் முன்பு என் மாமா அங்கிருந்து இரண்டு லெகார்ன் பெட்டைகள் வாங்கிவந்தார். நாள் தவறாமல் முட்டையிட்டன. ஒன்றும் ஒரு நாள்கூட அடைக்கு உட்காரவில்லை. முட்டைக்காகவே தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து அந்தக் குணத்தையே அவற்றிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ஒற்றைக்கண் பெட்டையோ ஈடுக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, பத்து முட்டை தாண்டாது. ஆனால் ஐப்பசி மழையில் மாடிப்படிக்கு அடியில் தண்ணீர் வந்து பஞ்சாரத்தின் விளிம்பை நனைத்தபோதும் எழவில்லை. பதினொன்றில் ஒன்பது பொரித்தது. ஆயா அதன் வாரிசுகளைத்தான் வைத்துக்கொண்டாள்.

இப்போது உங்கள் பின்குறிப்பு. நான்கு நாட்களாக வெறுங்கூட்டில் உட்கார்ந்திருக்கும் கோழியைத் தண்ணீரில் முக்கலாமா என்று கேட்க எப்படி மனம் வந்தது? உங்களிடம் இருப்பவற்றில் பொறுக்கி எடுக்க வேண்டியது அந்த ஒன்றைத்தான். சேவல்களுக்கு என்ன வழி என்பதை இன்று பகலுக்குள் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். முடிவு செய்துவிட்டால், ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டைகளில் ஒன்பதை எடுத்துக் கரிக்கோடு போடுங்கள். இருட்டிய பிறகு, சத்தம் போடாமல், ஒவ்வொன்றாக அதன் வயிற்றுக்கு அடியில் தள்ளுங்கள். கொத்தும், கையை இழுக்காதீர்கள். தண்ணீரும் கம்புத் தானியமும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். 21 நாள். பொரிந்ததும் எத்தனை என்று எழுதுங்கள், நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.