ரோபோ அறுவையில் கட்டியை மட்டும் எடுத்தால் சிறுநீரகம் பழையபடி வேலை செய்யுமா?

அப்பாவுக்கு 3 செ.மீ. கட்டி, ரோபோ மூலம் கட்டியை மட்டும் எடுக்கலாம் என்கிறார்கள், சிறுநீரகம் பிழைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பிழைக்கும். 4 செ.மீ.க்கு உட்பட்ட கட்டி என்றால், முடிந்தவரை சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதுதான் இன்று முதல் தேர்வு.

கட்டியை வெட்டும்போது ரத்தம் பீறிடாமலிருக்க, சிறுநீரகத் தமனியைக் கிளிப் போட்டு அடைப்பார்கள். அந்த நேரம் முழுக்கச் சிறுநீரகம் ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கும். அதனால் 25 நிமிடத்துக்குள் முடிக்கப் பார்ப்பார்கள். ரோபோ கருவி மணிக்கட்டுபோல வளைவதால் தையல் வேகமாக விழும். உண்மையான லாபம் அங்கேதான். சிலர் கட்டிக்குப் போகும் கிளைத் தமனியை மட்டும் அடைத்து, இண்டோசயனின் கிரீன் சாயம் ஏற்றி, எந்தப் பகுதிக்கு ரத்தம் நின்றது என்று அகச்சிவப்புக் கேமராவில் சரிபார்ப்பார்கள்.

ஆனால் நிமிடத்தை மட்டும் எண்ணாதீர்கள். எவ்வளவு நல்ல திசு மிஞ்சுகிறது என்பது அதைவிட முக்கியம். ஆழமாக இறுக்கிப் போட்ட தையல்கூட நல்ல திசுவைச் சாகடிக்கும்.

அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர் உண்டா? மற்ற சிறுநீரகம் எப்படி இருக்கிறது? இதை மருத்துவரிடம் கட்டாயம் பேசுங்கள். அறுவைக்குப் பின் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய, ரத்தத்தில் அளக்கப்படும் கழிவு) சற்று ஏறுவது உண்டு, பதறாதீர்கள். தொடர்ந்து ஏறினால் உடனே நெஃப்ராலஜிஸ்ட்டை (சிறுநீரக மருத்துவரை) பாருங்கள்.