விரல் முந்திக்கொள்வது பற்றி

ஆரல்வாய்மொழி நண்பருக்கு வணக்கம். உங்கள் 45 பவுண்டு இழுவிசையுள்ள மரவில்லை முழுவதும் இழுக்குமுன்பே, அம்புமுனை இலக்கின் நடுவைத் தொட்டவுடன் விரல்கள் தாமாக நாணை விட்டுவிடுவதாக எழுதியிருந்தீர்கள். இலக்கைக் கண்டதும் விடுவது என்று மனம் பழகிவிட்டதால் வரும் இதைத்தான் வில்லாளர்கள் ‘டார்கெட் பேனிக்’ என்கிறார்கள்.

சில வாரங்களுக்கு இலக்குத் தாளை அகற்றிவிட்டு, 5 அடி தொலைவில் பெரிய வைக்கோல் கட்டை நெஞ்சுயரத்தில் வைத்து, விரல் வாயோரத்தில் பதிவதையும் முதுகுத் தசை இறுகுவதையும் மட்டுமே கவனித்து எய்யுங்கள். பிறகு தாளை மாட்டி, குறிபார்த்து, மூன்று எண்ணும்வரை நிறுத்தி, எய்யாமலே நாணை மெல்ல இறக்குங்கள். எனக்கு மிகவும் உதவியது இப்பயிற்சியே. அதற்கு 30 பவுண்டுக்குட்பட்ட வில் போதும். உங்கள் ஊர்க் கணவாய்க் காற்று பலமாக வீசும் ஆடி மாதத்தில் திறந்தவெளியைத் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் காற்று ஓயும் நொடிக்குள் விட்டுவிட வேண்டும் என்ற அவசரம் இப்பழக்கத்தை மேலும் வேரூன்றச் செய்யும்.