குரல் இல்லாத படம், அசையாத காமிரா: ஆவணப்படக் கேள்வி பதில்

கேள்வி: பின்னணிக் குரலே இல்லாமல் 50 நிமிடப் படம் எடிட் செய்திருக்கிறேன். பார்த்தவர்கள் பாதியில் குழம்புகிறார்கள். குரல் சேர்த்துவிடட்டுமா?

பதில்: அவசரம் வேண்டாம். யார், எங்கே, எப்போது, ஏன் இப்போது இந்தக் காட்சி, இந்த நான்கையும் வழக்கமாகக் குரல்தான் சொல்லிவிடும். ஒரு தாளில் காட்சிக்கு ஒரு வரி, வரிக்கு நான்கு கட்டம் போட்டு, எந்த ஷாட் எதைச் சொல்கிறது என்று நிரப்புங்கள். தொடர்ந்து மூன்று காட்சிகளில் 'எங்கே' காலியாக இருந்தால் அங்கேதான் குழப்பம். பெரும்பாலும் மருந்து ஃபுட்டேஜிலேயே இருக்கும்: ஒரு பெயர்ப்பலகை, பேச்சுவாக்கில் விழும் ஒரு தேதி. அதுவும் கிடைக்காவிட்டால் கறுப்புத் திரையில் இரண்டு வரி எழுத்து போதும்.

குரலை ஒதுக்காமலே மரபை உடைத்தவர்களும் உண்டு. பிரெஞ்சு ஆவணப்பட இயக்குநர் கிறிஸ் மார்க்கர் தன் சைபீரியப் படத்தில் ஒரே தெருக்காட்சியை மூன்று முறை ஓட்டினார்: ஒருமுறை புகழும் குரல், ஒருமுறை திட்டும் குரல், ஒருமுறை நடுநிலைக் குரல். படம் மாறவே இல்லை, தெரு மட்டும் மாறிவிட்டது!

கேள்வி: நடந்ததை நடிக்க வைத்து எடுப்பது ஏமாற்று இல்லையா?

பதில்: மறைத்தால் ஏமாற்று. 1922-இல் வெளியான 'நானூக்' ஆவணப்படத்துக்காக இயக்குநர் ஃபிளாஹர்ட்டி, பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதாமல், பாதி திறந்த வீட்டைக் கட்டவைத்துப் படமெடுத்தார்; பார்வையாளருக்குச் சொல்லவில்லை. 1988-இல் வெளியான ஆவணப்படத்தில் இயக்குநர் எரால் மாரிஸ் ஒரு கொலையைத் திரும்பத் திரும்ப நடிக்கவைத்தார், ஒவ்வொரு சாட்சி சொன்னபடியும் ஒருமுறை. சாட்சியங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்பது கண்ணுக்கே தெரிந்தது. அந்த வழக்கில் தண்டனை பெற்றவர் மறுஆண்டே விடுதலையானார்.

நீங்கள் செய்வதானால் முகங்களைத் தவிருங்கள், ஒளியமைப்பை மாற்றுங்கள். நிஜ ஃபுட்டேஜின் ஒலியை நடித்த காட்சிமேல் ஒட்டவே கூடாது. கண் சந்தேகப்பட்டாலும் காது நம்பிவிடும்.

கேள்வி: நான்கு நிமிட அசையாத ஷாட் ஏன் செத்துக் கிடக்கிறது?

பதில்: ஃபிரேமுக்கு வெளியே எதுவும் கேட்காததால் இருக்கலாம். அதே இடத்தில் வெளிச் சத்தத்தைத் தனியாக ஐந்து நிமிடம் பதிவு செய்து, வண்டி வருவதைக் கேட்கவிட்டுப் பிறகு ஃபிரேமுக்குள் விடுங்கள். இன்னொன்று, காமிராவின் ஆட்டோ (தானியங்கி) அமைப்புகள். மேகம் கடந்ததும் எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு) ஏறி இறங்கும், ஃபோகஸ் தேடி அலையும். இரண்டையும், நிறச் சமநிலையான ஒயிட் பேலன்ஸையும் மாறாதபடி பூட்டிவிடுங்கள். ட்ரைபாடில் நிறுத்தியபின் ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசரையும் அணையுங்கள். சில காமிராக்களில் அதுவே ஃபிரேமை மெல்ல நகர்த்தும்.

கேள்வி: மௌனக் காட்சிக்கு ஒலித்தடத்தைக் காலியாக விடலாமா?

பதில்: விட்டால் பார்ப்பவர் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று நினைப்பார். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிட ரூம் டோன் (அந்த இடத்தின் இயல்பான அமைதி ஒலி) எடுத்துவந்து அடியில் ஓட்டுங்கள்.