சுதிர்மானின் டோலி

ஐயா, வணக்கம்.

ஜகார்த்தாவுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. தினமும் ஜெனரல் சுதிர்மான் சாலை வழியாகத்தான் அலுவலகம் போகிறேன். அங்கே அவர் சல்யூட் அடித்தபடி நிற்கும் பெரிய சிலை இருக்கிறது. யார் இவர் என்று தேடிப் படித்தேன். பள்ளி ஆசிரியராக இருந்தவர் எப்படி இந்தோனேசியாவின் தலைமைத் தளபதி ஆனார்? ஒற்றை நுரையீரலோடு இருந்த காசநோயாளி, டச்சுக்காரர்களை எதிர்த்த விடுதலைப் போரில் ஏழு மாதம் தன்னைக் காடுமலை எல்லாம் தூக்கிக்கொண்டு திரிய வைத்தது வெறும் பிடிவாதம் இல்லையா? அதிபர் சுகர்னோ சொன்னபடி ஊரிலேயே இருந்து வைத்தியம் பார்த்திருக்கலாமே. டச்சுக்காரர்கள் கடைசியில் பேச்சுவார்த்தையில்தானே போனார்கள்? பாவம், தூக்கியவர்களுக்குத்தான் தொல்லை. இவரைப் பற்றி என்ன படிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வேலைக்குப் போன ஊரில் தெருப்பெயருக்குப் பின்னால் இருக்கும் மனிதனைத் தேடியிருக்கிறீர்கள், அதற்காகவே உங்களைப் பிடித்துவிட்டது. ஆனால் 'தொல்லை' என்று ஒரு சொல் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. சொல்கிறேன்.

முதலில் வாத்தியார் விஷயம். சிலாசாப்பில் பள்ளிக்கூடம் நடத்தியவர், சாரணர் இயக்கத்தில் இருந்தவர், ஜப்பானியர் காலத்தில் அவர்கள் உள்ளூர் ஆட்களைக் கொண்டு அமைத்த பெத்தா படையில் பயிற்சி எடுத்தவர். 1945 நவம்பர் 12 அன்று யோக்யகர்த்தாவில் படைத் தலைவர்கள் கூடி ஓட்டுப் போட்டுத்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அவருக்கு 29 வயது. டச்சுக் காலனிப் படையில் பல வருஷம் அதிகாரியாக இருந்த ஊரிப் சுமோகார்ஜோவை விட்டுவிட்டு இவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஊரிப்பும் முகம் சுளிக்காமல் இவருக்குக் கீழே வேலை பார்த்தார். அடுத்த மாதமே, ஜப்பான் தோற்றபின் வந்திறங்கியிருந்த பிரிட்டிஷ் படையை மத்திய ஜாவாவின் அம்பாராவாவிலிருந்து பின்வாங்க வைத்தார்கள். வாத்தியாருக்குப் படை நடத்தத் தெரியுமா என்ற கேள்விக்கு இது போதும். புத்தகம் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இருப்பது ஜகார்த்தாவில், பக்கத்து மேசைக்காரரைக் கேளுங்கள், என்னை விட அவர் நன்றாகச் சொல்வார்.

இனி அவரைத் தூக்கிச் சென்ற டோலிக்கு வருகிறேன்.

1961இல் என் அப்பாவுக்குக் காசநோய் வந்தது. எலும்புருக்கி என்பார்கள் எங்கள் பக்கம். ராமநாதபுரம் சீமையில் ஒரு சின்ன ஊர், அங்கே அவர் ஆரம்பப் பள்ளி வாத்தியார். ரத்தமாக இருமிய அன்று மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், பஸ் ரோடு மூன்று மைல். வண்டி வைத்திருந்தவர் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று தரமாட்டேன் என்றுவிட்டார். அப்பாவிடம் படித்து முடித்திருந்த நான்கு பையன்கள், பதினேழு பதினெட்டு வயதிருக்கும், கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நான் பின்னால் தண்ணீர்க் கூஜாவோடு ஓடினேன், எனக்கு ஒன்பது வயது. வழியெல்லாம் அப்பா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "என்னால எல்லாருக்கும் தொல்லை." ஒரு வருஷத்துக்கு மேல் ஊசி, மாத்திரை. பிழைத்து வந்து இன்னும் இருபது வருஷம் பாடம் நடத்தினார். ஆனால் அந்த நான்கு பேரை எதிரில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். கூச்சம். சாகும்வரை அது போகவில்லை.

அந்த நால்வரில் கடைசி ஆள் போன மாதம் இறந்துபோனார். சில வருஷம் முன்பு அவரிடம் கேட்டேன், அன்றைக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்ததா அண்ணே என்று. "வாத்தியார் என்ன கனம் இருந்தார், ஒரு கட்டு வைக்கோல் அளவுதான். கண்மாய்க் கரையில இறக்கி வச்சோம்ல, அப்ப நாங்க தண்ணி குடிக்கிற வரைக்கும் அவர் குடிக்கல" என்றார். அவ்வளவுதான் அவருக்கு ஞாபகம் இருந்தது. தொல்லை என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. அதைச் சொன்னது படுத்திருந்தவர் மட்டும்தான், தம்பி. இப்போது நீங்கள்.

சுதிர்மானைத் தூக்கியவர்களை யாராவது சாட்டையால் அடித்துத் தூக்கச் சொன்னார்களா? 1948 டிசம்பர் 19 விடியற்காலையில் டச்சுப் படை மகுவோ விமானத் திடலில் குதித்தது, அன்றே குடியரசின் தலைநகரமாக இருந்த யோக்யகர்த்தா விழுந்தது. சுகர்னோவும் துணை அதிபர் ஹட்டாவும் அதிபர் மாளிகையிலேயே இருந்து பிடிபட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி ஒரு மாதம்கூட ஆகாத சுதிர்மான், அந்த ஒற்றை நுரையீரலோடு ஊரைவிட்டு வெளியேறினார். குடியரசு முடிந்துவிட்டது என்று டச்சுக்காரன் உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை. முடியவில்லை என்பதற்குச் சுமத்ராவில் ஷாஃப்ருதீன் நடத்திய அவசர அரசு ஒரு சாட்சி, ஜாவாவில் இந்த டோலி ஒரு சாட்சி. நீளமான கோட்டும் தலைத்துணியுமாக ஒரு ஒல்லி மனிதர், நடக்க முடிந்தபோது நடந்து, முடியாதபோது தோள்களில் ஏறி, ஓபாக் ஆற்றைத் தாண்டி, வோனோகிரி, பொனோரோகோ, கெதிரி என்று போய்க்கொண்டே இருக்கிறார். ஆள் மாற்றி ஆள் தோள் கொடுக்கிறார்கள். மேலே டச்சு விமானம் பறக்கிறது. அவருக்கு இடம் கொடுத்த ஊர் எது என்று தெரிந்தால் அந்த ஊர் என்ன ஆகும் என்று சோறு போட்டவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் போட்டாள். ஜாவாவின் குடியானவனுக்குக் குடியரசு என்பது அதுவரை ரேடியோவில் கேட்ட சொல்லாக இருந்திருக்கும், இப்போது அது அவன் தோளில் அழுத்துகிறது, இருமுகிறது, தண்ணீர் கேட்கிறது. இதையா தொல்லை என்பீர்கள்?

பேச்சுவார்த்தையில்தானே போனார்கள் என்கிறீர்கள். சரி, யாரோடு பேசினார்கள்? எதிர்ப்பே இல்லாமல் படுத்துவிட்ட நாட்டோடு யார் உட்கார்ந்து பேசுவார்கள்? 1949 மார்ச் 1 அன்று குடியரசுப் படையினர் யோக்யகர்த்தாவுக்குள் புகுந்து ஆறு மணி நேரம் நகரத்தைக் கையில் வைத்திருந்தார்களே, அந்தச் செய்தி உலகத்துக்குப் போனதே, மே மாதம் உடன்பாடு வந்ததே. அந்தப் பேச்சுவார்த்தை சுதிர்மானுக்குப் பிடிக்கவே இல்லை என்பதும் உண்மைதான், அதில் அவர் சொன்னது எல்லாம் சரி என்று நான் வாதாட மாட்டேன்.

வைத்தியம் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா? இருக்கலாம். என் அப்பா பிழைத்தாரே என்று நானும் நினைத்துப் பார்த்திருக்கிறேன். கைதியாக ஒரு அறையில் படுத்து, தன் ஆட்கள் காட்டில் சாவதைக் கேட்டுக்கொண்டு அவரால் பிழைத்திருக்க முடியுமா என்றும் யோசித்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள். 1949 ஜூலை 10 அன்று யோக்யகர்த்தா திரும்பினார். டிசம்பர் 27 அன்று டச்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்தார்கள். 1950 ஜனவரி 29 அன்று மகேலாங்கில் இறந்தார். 34 வயது முடிந்து ஐந்தாம் நாள்.

நீங்கள் தினமும் பார்க்கும் சிலையில் அவர் விறைப்பாக நிற்கிறார். எனக்கு அந்தச் சிலையில் ஒரு குறை உண்டு, அவரைத் தாங்கிய ஒரு தோள்கூட அங்கே இல்லை. ஒரு விடுமுறை நாளில் கடோட் சுப்ரோதோ சாலையில் இருக்கும் சத்ரியா மண்டலா அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அந்த டோலி அங்கே இருக்கிறது. கம்பு எவ்வளவு நீளம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் தோள் கொடுக்கலாம், தோள்பட்ட இடத்தில் மரம் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.