ஈறுல ரத்தம் வருதுன்னு கடிதத்தோட கடைசி வரியில எழுதியிருக்கீங்களே

அம்மா, அந்த பச்சைக் கலர் வைட்டமின் ஈ கேப்ஸ்யூலை இன்னைக்கே நிறுத்துங்க, மத்ததை அப்புறம் பேசுவோம். வடை சுட்ட எண்ணெய், கையில கரும்புள்ளி, முடி கொட்டுறது, ஃப்ரீ ரேடிக்கல்ங்கிற முரட்டு மூலக்கூறு செல்லோட சவ்வை அரிச்சு கேன்சர் வந்துரும்னு பாத்த வீடியோ, இதெல்லாம் ரெண்டு பக்கத்துக்கு எழுதிட்டு, ஹார்ட்ல மைட்ரல் வால்வு ஆபரேஷன் ஆகி மெட்டல் வால்வு வெச்சு, ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுறதையும் பத்து நாளா பல்லு வெளக்குறப்போ ரத்தம் வர்றதையும் கடைசியில ரெண்டே வரியில முடிச்சிட்டீங்க. எனக்கு பயம் அந்த ரெண்டு வரியிலதான்.

வீடியோவுல சொன்ன விஷயம் பொய் இல்ல, அரைகுறை. டப்பா அடியில ரொம்ப நாள் கெடந்த வேர்க்கடலையை மோந்து பாருங்க, காறல் வாடை அடிக்கும்ல, அதேதான் உடம்புக்குள்ள செல் சவ்வுலயும் நடக்குது. சவ்வுல இருக்கிற கொழுப்புல ஒண்ணுகிட்ட இருந்து ஃப்ரீ ரேடிக்கல் ஒரு ஹைட்ரஜனை புடுங்கிடும், பறிகொடுத்தது ஆக்சிஜனோட சேந்து இன்னும் முரடாகி பக்கத்துல இருக்கிறதுகிட்ட புடுங்கும், அது அதுக்குப் பக்கத்துல, இப்படியே போய்க்கிட்டே இருக்கும். கொழுப்பு மூலக்கூறு நெருக்கமா ஒட்டி ஒட்டி நிக்கிற இடம்கிறதால சீக்கிரம் பரவுது. அது முத்துனா சவ்வு வெறைச்சு ஓட்டையாகி, வெளிய இருக்க வேண்டிய கால்சியம் உள்ள புகுந்து செல் செத்துப்போகும். இரும்புச்சத்து கட்டுப்பாடில்லாம அலைஞ்சா இன்னும் வேகமா நடக்கும்.

இதை நிறுத்துறதுக்கு உடம்புலயே ஆளு இருக்கு. சவ்வுக்குள்ள உக்காந்திருக்கிற வைட்டமின் ஈ தன்னோட ஹைட்ரஜனை குடுத்துட்டு அடங்கிடும், அடுத்ததுகிட்ட புடுங்கப் போகாது, சங்கிலி அங்கயே அறுந்துரும். செலவான வைட்டமின் ஈயை வைட்டமின் சி மறுபடி தயார் பண்ணி விடும். ஏற்கனவே கெட்டுப்போன கொழுப்பை சரிபண்ண செலினியம் வெச்ச ஒரு என்சைம் தனியா இருக்கு. இவ்வளவுக்கும் ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் வைட்டமின் ஈ தாராளம். நீங்க 400 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ரெண்டு போடுறீங்க, அம்பது மடங்குக்கு மேல! மெடிக்கல்ல சீட்டு இல்லாம குடுத்துட்டா அது மிட்டாய்னு ஆயிடுமா?

தம்பி கேன்சர்ல போனதுல இருந்து தூக்கமே இல்லன்னு எழுதியிருக்கீங்க. உங்க பயம் அதுதான்னு புரியுது. ஆனா இந்த கேப்ஸ்யூல் அதுக்கு காவல் இல்லம்மா. அமெரிக்கா பக்கம் 35,000 பேருக்கு மேல ஆம்பளைங்களை வெச்சு, அதுல ஒரு பகுதிக்கு தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ குடுத்து பெரிய ஆராய்ச்சி பண்ணாங்க, 2011ல வந்த முடிவுப்படி அதை மட்டும் சாப்பிட்டவங்களுக்கு, மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவங்களை விட ப்ராஸ்டேட் கேன்சர் 17 சதவீதம் கூடித்தான் இருந்துச்சு.

இப்ப ரத்தத்துக்கு வர்றேன். வார்ஃபரின் வைட்டமின் கே வேலையை தடுத்துதான் ரத்தம் உறையாம பாத்துக்குது. வைட்டமின் ஈ அளவு மீறினா அதுவும் அதே கே வேலையில கை வைக்கும், ரத்தக் கசிவை அடைக்கிற தட்டணுக்கள் ஒட்டுறதையும் குறைக்கும், ரெண்டும் சேந்தா ஈறு கசியுறது முதல் அறிகுறிகள்ல ஒண்ணா இருக்கலாம். நாளைக்கு காலைல ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்கிற பி.டி. ஐ.என்.ஆர். டெஸ்ட் எடுங்க, உங்களை மாதிரி வால்வு வெச்சவங்களுக்கு ஐ.என்.ஆர். பொதுவா 2.5ல இருந்து 3.5க்குள்ள இருக்கணும், ரிசல்ட்டோட அன்னைக்கே உங்க ஹார்ட் டாக்டரைப் பாத்து கேப்ஸ்யூல் சாப்பிட்டதை மறைக்காம சொல்லுங்க. ரத்தம் வருதேன்னு பயந்து வார்ஃபரினை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க, வால்வுல ரத்தம் கட்டி அது மூளைக்குப் போனா பக்கவாதம். தார் மாதிரி கருப்பா மலம் போனாலோ, சிறுநீர் சிவந்தாலோ, திடீர்னு தாங்க முடியாத தலைவலி வந்தாலோ, எங்கயாச்சும் விழுந்து தலையில அடிபட்டாலோ டெஸ்ட்டுக்கு காத்திருக்காம நேரா எமர்ஜென்சிக்கு போங்க, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும்.

கரும்புள்ளி பொதுவா வயசானா வர்றது, விடுங்க. ஃப்ரீ ரேடிக்கல் அளக்கிற டெஸ்ட்டுக்கு காசு குடுக்காதீங்க, அந்த நம்பரை வெச்சு எந்த டாக்டரும் உங்களுக்கு மருந்து எழுதப் போறதில்ல. வடை சுட்ட எண்ணெய் கருத்து, நுரைச்சு, காறல் வாடை வந்தா கொட்டிடுங்க. மிச்சம் இருக்கிற கேப்ஸ்யூல் அட்டையை மருமகளுக்கு குடுக்காதீங்க, அவங்க கேக்கவே இல்ல.